பற்றைக்காடு சும்மா கிடக்கிற காணி இல்லை

திருகோணமலையில் ஒரு காணியை எடுக்க நினைப்பவர்கள் முதலில் அதற்கு ஒரு பெயர் வைப்பார்கள்: "அது சும்மா பற்றைக்காடு." கூட்டத்தில் இந்த ஒரு வசனம் விழுந்தால் போதும், மிச்சத்தைப் பெக்கோ பார்த்துக்கொள்ளும். அங்கே ஆரும் இல்லை, ஒண்டும் விளையவில்லை, ஆகவே ஒருத்தருக்கும் நட்டமில்லை எண்டு கணக்கு முடிந்துவிடும். இந்தக் கட்டுரை அந்த வசனத்துக்கு எதிரானது.

புல்மோட்டையிலிருந்து குச்சவெளி, நிலாவெளி, சாம்பல்தீவு வழியாக வந்து, குடாவைச் சுற்றி மூதூர், சம்பூர், ஈச்சிலம்பற்று வரைக்கும் எங்கள் கரையைப் பாருங்கள். மணல்மேட்டில் இராவணன் மீசையும் அடம்பன் கொடியும். அதற்குப் பின்னால் ஈச்சை, சூரை, காரை, எருக்கலை. இன்னும் உள்ளே போனால் பாலையும் வீரையும். இடையிடையே மாடு மேய்கிற வெட்டை. மழைக்காலத்தில் பச்சை, மற்ற மாதங்களில் முள்ளும் புழுதியும். படம் எடுக்க அவ்வளவு வடிவாக இருக்காது, உண்மைதான்.

அந்த வெட்டையிலும் பற்றை ஓரத்திலும்தான் வானம்பாடி இருக்கிறது. எங்கள் பக்கத்தில் இரண்டு வகையைப் பார்க்கலாம். செவ்விறகு வானம்பாடி ஒரு சாண் நீளம்கூட வராது, மண்ணின் நிறம். ஆண் பறவை பற்றை நுனியிலிருந்து மேலே எழும்பி, பாடிக்கொண்டே இறக்கையை விரித்து பரசூட் மாதிரி இறங்கும். மற்றது சாம்பல்தலை வானம்பாடி. இதில் ஆணுக்கு வயிறு கறுப்பு. உயர ஏறி, சீட்டி அடித்தபடி சரிந்து விழும். விழுந்தது எண்டு நினைக்கும்போது மறுபடி எழும்பும். இரண்டும் கூடு வைப்பது நிலத்தில், புல் கொத்தின் அடியில். மரத்தில் இல்லை. ஆகவே "நாலு மரத்தை விட்டுவிட்டுத்தானே துப்புரவாக்கினோம்" என்ற சமாதானம் இந்தக் குருவிக்கு ஒரு உதவியும் செய்யாது.

தமிழில் வானம்பாடிக்குக் குறைச்சலே இல்லை. 1970களில் கோயம்புத்தூரில் ஒரு கவிதை இயக்கமே அந்தப் பெயரோடு வந்தது. மேடையில் பேசுகிறவர், பாட்டு எழுதுகிறவர் எல்லோருக்கும் அந்தச் சொல் வேண்டும். அது முட்டையிடுகிற நிலத்தை மட்டும் தரிசு எண்டு எழுதி வைத்திருக்கிறோம்.

இதில் ஒரு உண்மையை மறைக்காமல் சொல்ல வேண்டும். இந்த வானம்பாடிகள் உலக சிவப்புப் பட்டியலில் ஆபத்தான இனங்கள் இல்லை. இந்தியாவிலும் உண்டு. இலங்கைக்கே உரிய 30க்கு மேற்பட்ட பறவையினங்களில் பெரும்பாலானவை தெற்கின் ஈரவலயக் காடுகளில் இருப்பதால், பறவை பார்க்க வருகிறவரும் பாதுகாக்க நிதி கொடுக்கிறவரும் சிங்கராஜவுக்குத்தான் போவார்கள். அதில் பிழையில்லை. ஆனால் ஒரு குருவி உலகத்தில் அழிந்து போவதும் ஒரு கரையில் அழிந்து போவதும் வேறு வேறு விஷயம். நிலாவெளியில் வானம்பாடி இல்லாமல் போனால் ஆந்திராவில் இருக்கிறது எண்டு நாங்கள் ஆறுதல்பட ஏலாது. பட்டியலில் பெயர் வரும்வரை காத்திருந்தால், பெயர் வருகிற நாளில் இங்கே பற்றை மிஞ்சியிருக்காது.

பற்றைக்காகச் சண்டை பிடிக்கலாம் என்பதற்கு உலகத்தில் உதாரணம் இருக்கிறது. அமெரிக்காவில் தெற்குக் கலிபோர்னியாக் கரையோரத்தில் நெட்கட்சர் எண்டொரு சின்னக் குருவி. நிறை ஆறு கிராம் அளவு, சத்தம் பூனைக்குட்டி மாதிரி. கடற்கரைப் பற்றையில்தான் வாழும். அந்தப் பற்றை இருப்பது உலகத்திலேயே விலை கூடின வீட்டுக்காணிகளில். 1993இல் அமெரிக்க மத்திய அரசு அதை அச்சுறுத்தலுக்குள்ளான பறவையாக அறிவித்தது. வீடு கட்டும் கம்பனிகள் சும்மா விடவில்லை. "மெக்சிக்கோவில் இதே குருவி நிறைய இருக்கு, இது தனி உபஇனமே இல்லை, பட்டியலிலிருந்து எடுங்கோ" எண்டு மனுப் போட்டார்கள். 2016இல் அந்த மனு நிராகரிக்கப்பட்டது. அங்கேயும் பற்றை முழுக்கத் தப்பவில்லை. ஆனால் கட்டுகிறவன் முதலில் குருவிக்குப் பதில் சொல்ல வேண்டும் என்ற நிலை வந்தது.

எங்கள் நாட்டில் சட்டம் இல்லையா? இருக்கிறது. 1937ஆம் ஆண்டின் தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, விரல்விட்டு எண்ணக்கூடிய சில இனங்கள் தவிர எந்தப் பறவையையும் கொல்வது குற்றம். ஒரு பொடியன் கெற்றபோலால் வானம்பாடியை விழுத்தினால் வழக்குப் போடலாம். அதன் கூடு இருந்த 100 ஏக்கரை டோசர் போட்டு வழித்தால் திறப்பு விழா வைப்பார்கள். 1993ஆம் ஆண்டின் சுற்றாடல் வர்த்தமானிப்படி, ஒரு ஹெக்டெயருக்கு மேல் காட்டை வேறு தேவைக்கு மாற்றுவதென்றால் சுற்றாடல் அனுமதி வேண்டும். காடு இல்லாத நிலம் எண்டால் எல்லை 50 ஹெக்டெயர். "சும்மா பற்றை" என்ற பெயர் ஏன் இவ்வளவு பிரயோசனமானது எண்டு இப்போது விளங்குகிறதா? 2020இல் "ஏனைய அரச காடுகள்" எனப்படும் துண்டு துண்டான காடுகளின் பொறுப்பைப் பிரதேச செயலகங்களுக்கு மாற்றியபோதும் சொன்ன நியாயம் இதுதான்: பிரயோசனமில்லாமல் கிடக்கிறது.

இனி, ஊரில் எங்களைப் பார்த்துக் கேட்கிற கேள்விகளுக்கு வருவோம்.

முதலாவது: "மனுசருக்கே காணியில்லை தம்பி, இதுக்குள்ள குருவிக்கோ?"

நியாயமான கேள்வி. ஆனால் இதுவரை பற்றையை எடுத்தவர்கள் அதைக் காணியில்லாத சனத்துக்கா கொடுத்தார்கள்? 2006இல் சம்பூர்ச் சனம் இடம்பெயர்ந்தது. கிளிவெட்டி முகாமில் வருடக்கணக்காகக் கிடந்தது. அந்த நேரத்தில் அவர்களுடைய மண் உயர் பாதுகாப்பு வலயம், பிறகு அனல் மின்நிலையத்துக்கான இடம், பிறகு கைத்தொழில் வலயம். இந்திய, இலங்கைக் கூட்டு முயற்சியான 500 மெகாவாட் நிலக்கரித் திட்டம் 2016இல் கைவிடப்பட்டது, அதுவும் சனம் எதிர்த்து, வழக்கு நடந்த பிறகு. 2025 ஏப்ரலில் அதே சம்பூரில் 120 மெகாவாட் சூரிய மின்திட்டத்துக்கு அடிக்கல். அதே வருடம் முத்துநகர் விவசாயிகள் தங்கள் வயல் சூரிய மின்திட்டத்துக்குப் போவதை எதிர்த்துத் தெருவில் இருந்தார்கள். அது துறைமுக அதிகாரசபைக் காணி எண்டு பதில் வந்தது. சீனக்குடா எண்ணெய்த் தாங்கிகளைச் சுற்றிய காணியைப் பற்றி கொழும்பும் டில்லியும் பேசுகின்றன, தம்பலகாமத்தானோ கிண்ணியாவானோ பேசுவதில்லை. குருவியிடமிருந்து பறித்து எங்களுக்குத் தந்த காணி எங்கே? ஒரே கைதான் இரண்டு பேரிடமிருந்தும் பறிக்கிறது.

இரண்டாவது: "பறவை, காடு எண்டு நீங்கள் கதைச்சால் நாளைக்கு வன இலாகா கல்லு நடும்."

இந்தப் பயம் வெறும் கற்பனை இல்லை. யுத்தத்துக்குப் பிறகு கிழக்கில் எல்லைக்கல் வயலுக்குள் வந்த கதை ஊருக்கு ஊர் இருக்கிறது. 2020இல் கிழக்கின் தொல்பொருளுக்கெண்டு ஜனாதிபதி செயலணி அமைத்தபோது அதற்குத் தலைமை பாதுகாப்புச் செயலாளர். பாதுகாப்பு என்ற சொல்லைக் கேட்டாலே எங்களுக்கு வேலிதான் ஞாபகம் வரும். ஆனால் அதற்காகப் பற்றையைப் பற்றி வாயே திறக்காமல் இருந்தால், அதைப் பற்றிப் பேசுகிற உரிமையை அந்தத் திணைக்களத்திடமே எழுதிக் கொடுத்துவிடுகிறோம். மாடு மேய்கிறதாலேயே வெட்டை வெட்டையாக இருக்கிறது. வெட்டை இருப்பதாலேயே வானம்பாடி இருக்கிறது. மட்டக்களப்பில் மயிலத்தமடு, மாதவணை மேய்ச்சல்தரைக்காக 2023இலிருந்து போராடுகிற பண்ணையாளரின் நிலமும் இப்படிப்பட்ட பறவைகள் வாழக்கூடிய நிலம்தான். மாட்டுக்காரரை வெளியேற்றிவிட்டுக் குருவியைக் காப்பாற்றுகிறோம் எண்டு ஆராவது வந்தால், அவருக்கு இரண்டைப் பற்றியும் தெரியாது.

மூன்றாவது: "சூரிய மின்சாரம் சுற்றாடலுக்கு நல்லதுதானே?"

நல்லதுதான். நாங்கள் நிலக்கரிக்குத் திரும்பச் சொல்லவில்லை. எங்கே வைக்கிறீர்கள் எண்டு கேட்கிறோம். அரச கட்டடங்கள், பாடசாலைகள், களஞ்சியங்கள், துறைமுகத்துக்குள்ளேயே கிடக்கிற கூரைகள், ஏற்கனவே வழித்த நிலங்கள் எல்லாம் இருக்க, ஏன் முதல் கண் பற்றையிலும் வயலிலும் விழுகிறது? அங்கே எதிர்க்கிறவர்கள் ஏழைகள், அதனால்தான். மன்னாரில் அதானியின் காற்றாலைத் திட்டத்துக்கு எதிராக 2024இல் உயர் நீதிமன்றத்தில் வழக்குகள் போடப்பட்டபோது வலசைப் பறவைகளின் பாதை ஒரு முக்கிய வாதம். கம்பனி 2025 பெப்ரவரியில் விலகியது மின்சார விலை இழுபறியில். ஆனால் மீனவரும் பறவை ஆட்களும் ஒரே பக்கம் நிற்கலாம் என்பதை மன்னார் காட்டியது. திருகோணமலை இன்னும் அதைச் செய்யவில்லை.

நாலாவது கேள்வியை ஒருத்தரும் சத்தமாகக் கேட்பதில்லை. எங்கள் சனத்துக்குப் பற்றை என்றால் இழப்பு. பத்து வருடம் கழித்துத் திரும்பி வந்து பார்த்தால் வீட்டுக்குள் மரம், கிணற்றடியில் முள், எங்கே மிதிவெடி எண்டு தெரியாது. அப்படி வந்தவருக்குப் பற்றையை வெட்டுவதுதான் ஊர் திரும்புவது. அதை ஆரும் குறை சொல்ல ஏலாது. வீட்டுக்குள் முளைத்த பற்றையை வெட்டத்தான் வேண்டும். ஆனால் மணல்மேட்டைக் கட்டிப் பிடித்திருக்கிற பற்றை அது இல்லை. அது எங்கள் பாட்டிமாருக்கு விறகும் பாலைப்பழமும் ஈச்சோலையும் தந்தது. அதை விடுதி மதிலுக்காக வழித்தால் மணல் நிற்காது. 2004க்குப் பிறகும் இதைக் கரையோரச் சனத்துக்கு விளக்க வேண்டியிருப்பது வெட்கம்.

ஆகவே கேட்கிறோம். பெரிய திட்டம் எதற்கும் முன் ஒரு முழு வருடம் பறவைக் கணக்கெடுப்பு வேண்டும், கூடு வைக்கும் காலமும் வலசை வரும் காலமும் இரண்டும் அடங்க. சுற்றாடல் அறிக்கைக்குக் கருத்துச் சொல்லத் தருகிற 30 நாளில், அறிக்கை தமிழில் முழுசாக, பிரதேச செயலகத்திலும் ஊர் வாசிகசாலையிலும் இருக்க வேண்டும். கரையோரப் பற்றையையும் மேய்ச்சல் வெட்டையையும் ஊரின் பொதுக்காணியாகப் பதிந்து, பொறுப்பைப் பண்ணையாளர், மீனவர் சங்கங்களுக்குக் கொடுக்க வேண்டும். காவல்துறைக்கோ படைக்கோ இல்லை.

வாசிக்கிற உங்களுக்கும் ஒரு வேலை. வருகிற கிழமை உங்கள் ஊர் வெட்டைக்குக் காலை ஆறரைக்குப் போங்கோ. எத்தனை வானம்பாடி எழும்புது எண்டு எண்ணி, திகதியும் இடமும் போட்டு ஒரு கொப்பியில் எழுதி வையுங்கோ. போனிலே ஒலியையும் பதிவு செய்யுங்கோ. அடுத்த கூட்டத்தில் "அங்க ஒண்டுமில்லை" எண்டு அதிகாரி சொல்லும்போது அந்தக் கொப்பியோடு எழும்பி நிற்க ஆள் வேண்டும். அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு எண்டது இந்த மணலில் பிறந்த பழமொழி.