முகம் வேண்டாம், உள்ளமும் வேண்டாம், எந்தத் தெரு?

சாமுவேல் ஈசாயின் வீட்டுக்குப் போன கதை, திண்டுக்கல் பக்கம் ஞாயிறு பூசைக்குப் போகிற எந்தப் பிள்ளைக்கும் தெரியும். வாட்டசாட்டமாக நின்ற மூத்தவன் எலியாபைக் கடவுள் ஒதுக்கினார். ஆடு மேய்க்கப் போயிருந்த கடைக்குட்டி தாவீதைத் தேர்ந்தார். தோற்றம் பெரிதல்ல, உள்ளமே பெரிது என்று சாமியார் பிரசங்கத்தை முடிப்பார்.

நல்ல பிரசங்கம்தான். ஆனால் நம்மிடம் முகத்தைப் பார்த்தது யார்?

சாதி முகத்தில் ஒட்டியிருக்கவில்லை. கறுப்பு ஊர்த் தெருவிலும் உண்டு, காலனியிலும் உண்டு. அதனால்தான் பெயரைக் கேட்டவர் அடுத்ததாக "எந்தத் தெரு?" என்கிறார். கல்யாணப் பேச்சில் 'ஆர்.சி.' என்று சொன்னால் போதாது, 'ஆர்.சி.யில் என்ன?' என்று கேட்கிறார்கள். ஞானஸ்நானத் தண்ணீரில் சாதி கரைந்துவிட்டது என்று சொல்லி 1950-ஆம் ஆண்டு ஆணை நமக்குப் பட்டியல் சாதி உரிமையை மறுக்கிறது. கோயிலுக்குள் வந்தால் அது கரையவே இல்லை.

தேர் எங்கள் தெருவுக்கும் வரட்டும், கல்லறைத் தோட்டம் ஒன்றாக இருக்கட்டும் என்று கேட்டால், அந்தப் பிரசங்கத்தையே நம் பக்கம் திருப்புகிறார்கள். அதெல்லாம் வெளி விஷயமாம், மனசைப் பார்க்க வேண்டுமாம். வெளி விஷயம் அவ்வளவு அற்பமென்றால், அதை விட்டுக்கொடுக்க வேண்டியது அவர்கள்தானே? 2008 மார்ச்சில் விழுப்புரம் மாவட்டம் எறையூரில் தலித் கிறித்தவர்கள் தனிப் பங்கு கேட்டார்கள். அவர்களுடைய வீடுகள் தாக்கப்பட்டன, துப்பாக்கிச் சூடு வரை போனது. அற்ப விஷயத்துக்கா?

2003-இல் திருச்சி மறைமாவட்டத்திலிருந்துதான் திண்டுக்கல் மறைமாவட்டம் பிரிந்தது. அந்தத் திருச்சியில், மேலப்புதூர்க் கல்லறையில், செத்தவர்களுக்கு நடுவே சாதிச் சுவர் எழுப்பினார்கள். வெள்ளையடித்த கல்லறை என்று இயேசு உவமையாகத்தான் சொன்னார். நம்மவர்கள் அதை நிஜமாகவே கட்டி, குறுக்கே சுவரும் வைத்தார்கள்.

உள்ளத்தை எப்படிச் சோதிப்பது? நம் ஊர்ப் பக்கத்திலேயே பழைய பதில் ஒன்று இருக்கிறது. 1835 முதல் திண்டுக்கல்லில் இயங்கிய அமெரிக்க மதுரை மிஷன், சபையார் சாதியை விட்டார்களா என்று 1847-இல் சோதித்தது. வாக்குறுதி போதாது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. தாழ்த்தப்பட்டவர் சமைத்த சோற்றைச் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடச் சொன்னார்கள். மறுத்தவர்களைச் சபையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். வெள்ளைக்கார மிஷனரிகள் எல்லாவற்றிலும் உத்தமர்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இருதயத்தில் இருப்பது இலைக்கு முன்னால் தெரிந்துவிடும் என்பதைப் புரிந்துகொண்டிருந்தார்கள். புளியங்கொட்டை அளவு இறையியல்கூட அதற்குத் தேவைப்படவில்லை.

காகிதத்துக்கு இன்று பஞ்சமில்லை. 2003 நவம்பரில் போப் இரண்டாம் ஜான் பால் தமிழக ஆயர்களிடமே சாதிப் பாகுபாட்டைக் கண்டித்துப் பேசினார். 2016 டிசம்பரில் இந்திய ஆயர் பேரவை தலித் மேம்பாட்டுக் கொள்கையை வெளியிட்டு, திருச்சபைக்குள் தீண்டாமை இருப்பதை ஒப்புக்கொண்டது. அந்தக் கொள்கையைப் பீடத்தில் நின்று முழுதாக வாசித்துக் காட்டிய பங்கு எத்தனை?

நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்கு மெழுகுவர்த்தியோடு போகும்போது, உங்கள் பங்கில் எத்தனை கல்லறைத் தோட்டம் என்று எண்ணுங்கள். ஒன்றுக்கு மேல் இருந்தால், ஏன் என்று பங்குச்சாமியாரிடம் எழுத்தில் கேளுங்கள். நகலை ஆயருக்கு அனுப்புங்கள். பதிலையும் எழுத்தில் வாங்குங்கள்.