பெரிய எண், பறக்காத விமானம்

ரிமோட் விமானத்துக்குச் சாமான் விற்கும் பல கடைகளில் நடப்பது வியாபாரம் அல்ல, சீட்டுக் குலுக்கல். பையன் பணத்தோடு போகிறான். மோட்டார், பேட்டரி, வேகத்தைக் கட்டுப்படுத்தும் கண்ட்ரோலர், ப்ரொப்பெல்லர் நான்கையும் பையில் போட்டுத் தருகிறார்கள். விமானம் என்ன எடை என்று கேட்பாரில்லை. பணம் கொடுப்பது பெரும்பாலும் நம்மைப் போன்ற தாத்தாக்கள். அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

ஏ2212 என்று ஒரு மலிவான மோட்டார் எங்கும் கிடைக்கிறது. ஒரே உருவம், 1000, 1400, 2200 கே.வி. என்று வகைகள். கே.வி. என்றதும் நமக்கு மின்வாரியத்துக் கிலோவோல்ட் நினைவுக்கு வரும். அது வேறு. சுமை இல்லாதபோது ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் எத்தனை சுற்று என்பதே இந்த எண். "நம்பர் கூடுனா பவர் கூடும்லா, அண்ணாச்சி" என்று ஒரு கடையில் என்னிடமே சொன்னார்கள். சுத்தப் பொய். 2200 கே.வி. மோட்டார் வேகமாகச் சுற்றும். 6 அங்குல ப்ரொப்பெல்லருக்கே அது ஏற்றது. 10 அங்குலத்தை மாட்டுவது, மாஞ்சோலை ஏற்றத்தில் பஸ்ஸை டாப் கியரில் ஓட்டுவதற்குச் சமம். ஆம்பியர் எகிறும். மோட்டாரோ கண்ட்ரோலரோ கருகும்.

முறை இதுதான். முதலில் எடை. பழகும் விமானம் எல்லாம் சேர்த்து 800 கிராம் என்று வையுங்கள். கிலோவுக்கு 150 வாட் என்றால் 120 வாட் போதும். மூன்று செல் லித்தியம் பாலிமர் பேட்டரி 11.1 வோல்ட்; ஆக, சுமார் 11 ஆம்பியர். இதற்கு 1000 கே.வி. மோட்டாரும் 10 அங்குல ப்ரொப்பெல்லரும் பொருந்தும். 20 ஆம்பியர் கண்ட்ரோலர் தாங்கும். 30 என்றால் நிம்மதி. 2200 மில்லி ஆம்பியர் அவர் பேட்டரியில் ஐந்தில் நான்கு பங்கை மட்டும் செலவழித்தாலும் முழு வேகத்தில் 9 நிமிடம் பறக்கும். ஐந்தாம் வகுப்புக் கணக்கு!

"நம்ம ஊர் ஆனி ஆடிக் காற்றுக்குப் பெரிய மோட்டார் வேண்டாமா?" என்பார்கள். பெரிய மோட்டாருக்குப் பெரிய பேட்டரி வேண்டும், எடை ஏறும், இறங்கும்போது வேகமாக வந்து மோதும். காற்றுக்கு மருந்து மோட்டாரில் இல்லை, காலை ஆறு மணியில் இருக்கிறது.

பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன் என்பதால் ஓர் உதாரணம். 1884 ஆகஸ்ட் 9-ஆம் தேதி ரெனார், க்ரெப்ஸ் என்ற இரு ராணுவ அதிகாரிகள் 'லா ஃப்ரான்ஸ்' என்ற மின்மோட்டார் ஆகாயக் கப்பலில் 23 நிமிடத்தில் 8 கிலோமீட்டர் சுற்றி, புறப்பட்ட இடத்துக்கே திரும்பினார்கள். அதன் பேட்டரி மட்டும் 435 கிலோ. எடைக் கணக்குப் போடாமல் அது தரையை விட்டு எழும்பியிருக்குமா?

அவ்வளவு தூரம் போவானேன்? நம் மாவட்டத்து மகேந்திரகிரியில் இஸ்ரோ ராக்கெட் எஞ்சினைத் தரையில் பூட்டி, எரித்துப் பார்க்கிறது. பேரனின் விமானத்துக்கும் அதே நியாயம்தான். பேட்டரிக்கும் கண்ட்ரோலருக்கும் நடுவே ஒரு வாட் மீட்டர் மாட்டி, விமானத்தை இறுகக் கட்டி, ப்ரொப்பெல்லருக்கு முன்னால் யாரும் நிற்காமல், சில விநாடி முழு வேகத்தில் ஓட்டினால் உண்மை தெரிந்துவிடும். விமானத் திட்டம் நடத்தும் கல்லூரிகள் இந்தச் சோதனை இல்லாமல் மாணவர்களைப் பறக்க விடக் கூடாது.

கருகுவது மோட்டார் மட்டும் என்றால் போகட்டும். அடிபட்ட, உப்பிய லித்தியம் பேட்டரி தீப்பிடிக்கும். அந்தத் தீ எளிதில் அடங்காது. அதைக் கட்டில்மேல் வைத்துச் சார்ஜ் போடும் வீடுகள் உண்டு. இன்னொரு நஷ்டமும் உண்டு. இரண்டு முறை கருகியதும் பையன், "எனக்கு இது வராது தாத்தா" என்று எல்லாவற்றையும் பரணில் போட்டுவிடுகிறான். தப்பு அவனுடையது அல்ல, கணக்கில்லாமல் விற்றவருடையது.

மதிப்பீடு இல்லாமல் ஒரு நாற்காலிகூட வாங்க முடியாத அலுவலகத்தில் காலம் கழித்தவன் நான். ஆகவே சொல்கிறேன்: எடை, வாட், ப்ரொப்பெல்லர் அளவு, ஆம்பியர் நான்கையும் பில்லின் பின்புறம் எழுதித் தராத கடையில் ஒரு திருகாணிகூட வாங்காதீர்கள்.