பூட்டிய அறையும் திறந்த வாயும்

சென்ற மாதம் ஒரு மேல்நிலைப் பள்ளியின் ஆண்டு விழாவுக்குப் போயிருந்தேன். எழுத்தாளன் என்பவன் மாலை போட்டு நாற்காலியில் உட்கார வைக்க உதவுவான் என்று இன்னும் சிலர் நம்புகிறார்கள். விழாவுக்கு முன் தலைமையாசிரியர் பள்ளியைச் சுற்றிக் காட்டினார். ஆய்வுக்கூடம், நூலகம், கணினி அறை எல்லாம் பார்த்தாயிற்று. ஒரு கதவில் 'மாணவர் ஆலோசனை அறை' என்று பலகை தொங்கியது; பூட்டும் தொங்கியது.

"உள்ளே என்ன ஸார்?" என்றேன்.

"பழைய விடைத்தாள் கட்டுகள்தான். வைக்க வேறு இடமில்லை, பாருங்கள்!" என்று சிரித்தார்.

என்னால் சிரிக்க முடியவில்லை. அந்த மனிதர் நல்லவர். ஆனால் பிள்ளைகளின் மனத்துக்கென்று ஒதுக்கிய இடத்தில் மதிப்பெண்களை அடுக்கி வைத்துப் பூட்டிவிட்டோம் என்பதை அவர் அறியாமலே சொல்லிவிட்டார். இது அந்த ஒரு பள்ளியின் குற்றமல்ல. நம் எல்லோருடைய குற்றம்.

2022-ஆம் ஆண்டில் மட்டும் நம் நாட்டில் 13,044 மாணவர்கள் தங்கள் உயிரைத் தாங்களே போக்கிக்கொண்டார்கள் என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் கணக்குச் சொல்கிறது. கதை எழுதுகிறவன் ஒரு பாத்திரத்தைச் சாகவிட ஆயிரம் முறை யோசிக்கிறான். நாமோ இந்தக் கணக்கைப் படித்துவிட்டுப் பத்திரிகையின் அடுத்த பக்கத்தைப் புரட்டுகிறோம்.

சட்டம் இல்லையா? இருக்கிறது. பிள்ளைகளை அடிப்பதையும் மனத்தால் வதைப்பதையும் 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தடை செய்திருக்கிறது. 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் உள்ள கல்வி நிலையங்கள் தகுதி பெற்ற மனநல ஆலோசகர் ஒருவரையாவது அமர்த்த வேண்டும் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. பிளஸ் டூவில் மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிக்கும் வழக்கத்தைத் தமிழக அரசு 2017-இல் நிறுத்தியது. அப்படியும் முடிவு வந்த மறுநாளே பள்ளி வாசல்களில் படம் போட்ட பலகைகள் முளைக்கின்றன. படத்தில் இடம்பெறாத பிள்ளை அந்த வாசல் வழியாகத்தானே நடந்து போக வேண்டும்?

"எங்கள் காலத்தில் ஆலோசகரா இருந்தார்? பிரம்படி வாங்கித்தானே ஆளானோம்?" என்று கேட்கும் பெரியவர்களை நான் அறிவேன். ஐயா, ஆளானவர்கள் நீங்கள் பேசுகிறீர்கள். அந்த அடிக்குப் பயந்து பள்ளியை விட்டே ஓடியவர்களுக்கு இந்தச் சபையில் நாற்காலி கிடையாது. மேலும், அன்று திண்ணையில் ஒரு பாட்டி இருந்தாள். முகம் வாடியிருந்தால், "என்னடா கண்ணு?" என்று கேட்டாள். இன்று பிள்ளை ட்யூஷன் முடிந்து இரவு ஒன்பது மணிக்கு வீடு திரும்புகிறான். நாம் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை மார்க்?"

"இலவசத் தொலைபேசி எண் இருக்கிறதே!" என்பார்கள். 14416 என்ற எண் 2022 முதல் இருக்கிறது. நல்ல காரியந்தான், பிள்ளைகளுக்கு அது மனப்பாடமாகவே தெரியட்டும். ஆனால் மூன்று நாளாக ஒரு பெண் மதியச் சாப்பாட்டைத் தொடவில்லை என்பதைத் தொலைபேசி கவனிக்குமா? கவனிக்க வேண்டியவர் வகுப்பாசிரியர். அவரையோ 'எமிஸ்' பதிவுகளுக்கும் பாடத்தை முடிக்கும் ஓட்டத்துக்கும் அடிமையாக்கி வைத்திருக்கிறோம்.

ஆகவே நான் கேட்பது இவ்வளவுதான். அந்த அறையிலிருந்து விடைத்தாள்களை அகற்றுங்கள். பாடம் நடத்தி மதிப்பெண் போடுகிறவரையே ஆலோசகராகவும் உட்கார வைக்காதீர்கள். தண்டிக்கக் கூடியவரிடம் எந்தப் பிள்ளை மனம் திறக்கும்? திங்கட்கிழமை ஒரு பிள்ளை அழுதது செவ்வாய்க்கிழமை ஆசிரியர் அறையில் வம்பாகிவிட்டால், பிறகு அந்தப் பள்ளியில் எந்தக் குழந்தையும் வாய் திறக்காது. ஆலோசகர் ஒருவரே போதும் என்றும் இருந்துவிடாதீர்கள். வாரத்தில் ஒரு பீரியடாவது பாடமில்லாமல் பிள்ளைகளோடு பேசிக்கொண்டிருக்க ஆசிரியரை அனுமதியுங்கள். அவர் கவனித்துச் சொன்னால்தான் ஆலோசகருக்கு வேலை தெரியும்.

அன்று மேடையிலும் இதையேதான் சொன்னேன். பெற்றோர்கள் பலமாகக் கைதட்டினார்கள். பிறகு முதல் மூன்று இடம் பெற்றவர்களுக்கு என் கையாலேயே பரிசு கொடுக்கச் சொன்னார்கள். கொடுத்தேன். அந்த வெட்கத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

கைதட்டல் எனக்கு வேண்டாம். அந்தப் பூட்டின் சாவி யாரிடம் இருக்கிறது? அதைச் சொல்லுங்கள்.