பகடையைப் பிடுங்காதீர்கள்



"பகடை உருட்டுகிறார்கள், சூதாட்டம்தானே சார்?" என்று ஓசூரில் சில பெற்றோர் கேட்கிறார்கள். பிள்ளைகள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடும் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' பற்றிய புகார் இது. 1974இல் அமெரிக்காவில் வெளிவந்த ஆட்டம். பணயம் கிடையாது. ஒருவர் கதை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசுவார்கள்.

பரமபதத்தில் ஏணியா பாம்பா என்பது நம் கையில் இல்லை. இதில் அப்படியல்ல. காயம்பட்ட தோழனைச் சுமந்தால் ஊருக்கு மருந்து நேரத்தில் போய்ச் சேராது; விட்டுப்போனால் அவன் பிழைக்கமாட்டான். என்ன செய்வது? பிள்ளைதான் சொல்ல வேண்டும். அது பலிக்குமா என்பதற்குத்தான் இருபது முகப் பகடை.

நமக்கு இது புதிதா? பாரதக் கூத்தை விடிய விடியப் பார்த்தவர்கள்தானே நாம்? குந்தி வந்து நிற்கிறாள். தம்பிகளோடு சேர்வதா, செஞ்சோற்றுக்கடன் தீர்ப்பதா? கர்ணன் தவித்தான், நாம் அழுதோம். "நீயாக இருந்தால் என்ன செய்வாய்?" என்று நம்மை யாரும் கேட்கவில்லை. இந்த ஆட்டம் கேட்கிறது.

பதினொன்றாம் வகுப்பில் எந்த குரூப், பிறகு எந்தக் காலேஜ், எல்லாம் அப்பா முடிவு. இருபத்தைந்து வயதில் மட்டும், "இவனுக்குச் சொந்தமா முடிவெடுக்கத் தெரியலையே" என்று குறை. எங்கே பழகவிட்டீர்கள்?

படிப்பு கெடும் என்றால் நேரம் குறித்துக் கொடுங்கள். பகடையைப் பிடுங்காதீர்கள். முடிந்தால் நாற்காலி இழுத்துப்போட்டு நீங்களும் உட்காருங்கள்.