நெஞ்சு படபடப்பு நடிப்பு இல்லீங்க

மூணு மாசத்துல நாலு தடவை என் மச்சினனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கிட்டு ஓடினோம். முதல் தடவை, ராத்திரி மும்முனை கரண்ட் வந்ததும் மஞ்சக் காட்டுக்குத் தண்ணி கட்டப் போயிருந்தான். திடீர்னு நெஞ்சு படபடன்னு அடிச்சு, வேர்த்துக் கொட்டி, மூச்சு முட்டி, கைவிரல் எல்லாம் மரத்துப் போச்சாம். "மாமா, நான் செத்துருவேன் போல இருக்கு, புள்ளைங்களைப் பாத்துக்கங்க"ன்னு போன்ல அழுதான். 108 வண்டியில கொண்டுபோய்ச் சேர்க்கறதுக்குள்ள அடங்கிருச்சு. இ.சி.ஜி., ரத்தம் எல்லாம் பார்த்துட்டு "ஒண்ணுமில்ல"ன்னு அனுப்பிட்டாங்க.

எனக்குக் கோபமே இந்த "ஒண்ணுமில்ல" மேலதான். இருதயத்துல ஒண்ணுமில்லன்னா சரி, மனுசனுக்கே ஒண்ணுமில்லன்னு ஆயிருமா? ஊர்ல காத்து கருப்புன்னாங்க, வேப்பிலை அடிச்சாங்க. வயசுப் பசங்க நடிப்புன்னு சிரிச்சானுங்க. மத்தவங்களை என்ன சொல்றது, "ஆம்பளைக்கு என்னடா இவ்வளவு பயம்"னு நானே கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

நாங்க கவனிக்காம விட்டது, நல்லா இருந்த நாள்ல அவன் எப்படி இருந்தான்ங்கறதை. தனியா காட்டுக்குப் போறதை நிறுத்திட்டான். சந்தைக்கு பஸ் ஏற மாட்டேன்னான். கல்யாண மண்டபத்துல வாசப்படி பக்கமாவே உட்காருவான். சும்மா இருக்கும்போதே நாடியைப் புடிச்சுப் பார்ப்பான். நாலாவது தடவை இருந்த டாக்டரம்மாதான் இதையெல்லாம் விசாரிச்சு, அரசு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்கு எழுதிக் கொடுத்தாங்க. பேனிக் டிஸார்டர்னு அங்கதான் பேரு தெரிஞ்சுது.

ஸ்டார்ட்டர்ல ரிலே கெட்டுப்போனா மோட்டார்ல கோளாறே இல்லாம ட்ரிப் ஆகுமில்ல, அந்த மாதிரி. ஆபத்தே இல்லாதப்போ உடம்பு அபாயச் சங்கு ஊதுது. பெரும்பாலும் பத்து நிமிசத்துக்குள்ள உச்சத்துக்குப் போயி, அப்புறம் மெல்ல இறங்கிரும். ஒரே ஒரு தடவை வந்தா இந்த நோய்னு சொல்ல மாட்டாங்க. காரணமில்லாம திரும்பத் திரும்ப வந்து, அடுத்தது எப்ப வருமோங்கற பயம் ஒரு மாசத்துக்கு மேல ஆளைப் புடிச்சு ஆட்டினாலோ, அந்தப் பயத்துல போற வர்ற இடத்தையெல்லாம் விட்டாலோதான் இது.

அதுக்காக நெஞ்சு வலின்னா இதுதான்னு நீங்களே முடிவு கட்டிராதீங்க. முதல்ல இருதயத்தைப் பார்த்துரணும். தைராய்டு கூடினாலும் இதே மாதிரி படபடப்பு வரும், அதையும் பார்க்கச் சொன்னாங்க.

மாத்திரை கேக்க சில வாரம் ஆகும்னு முன்னாடியே சொல்லிட்டாங்க. கூடவே உட்கார வெச்சுப் பேசி, பயந்த இடத்துக்கே கொஞ்சம் கொஞ்சமாப் போகப் பழக்கினாங்க. மனநல டாக்டர்ட்டப் போனா பைத்தியம்னு பேரு வருமேன்னு கூச்சப்படறவங்க 14416-க்குப் போன் பண்ணுங்க. காசு கிடையாது, தமிழ்லயே பேசலாம், ராத்திரியும் எடுப்பாங்க.

போன வாரம் ராத்திரித் தண்ணி அவனே தனியாப் போய்க் கட்டிட்டு வந்தான். தாயத்தை மட்டும் இன்னும் கழட்டல. அவங்க அக்கா கட்டிவிட்டது, இருந்துட்டுப் போகட்டும்.