கோப்பை நாலு வந்திட்டுது, எங்கள் பெடியங்களுக்கு ஓவர் எப்போது?

 

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள். அரசியல் இல்லை, கிரிக்கெட்தான். (யாழ்ப்பாணத்தில் எதைத் தொட்டாலும் கொஞ்சம் அரசியல் ஒட்டிக்கொண்டு வரும். அது எங்கள் பிழையில்லை.)

லங்கா பிரீமியர் லீக்கின் ஆறாவது தொடர் 2025 நவம்பர் கடைசியில் தொடங்குவதாக இருந்தது. உலகக் கிண்ணத்துக்கு மைதானங்களைத் தயார்படுத்த வேண்டும் என்று பிற்போட்டார்கள். அடுத்த முறை தொடர் வரும்போது யாழ்ப்பாண அணியைத் திரும்பவும் அடியிலிருந்து கட்டுவார்கள். யார் யாரை எடுப்பது என்ற பேச்சு அப்போதுதான் நடக்கும். எல்லாம் முடிந்த பிறகு புறுபுறுக்கிற பழக்கம் எங்கள் ஊருக்கு உண்டு. ஆகவே சொல்ல வேண்டியதை இப்போதே சொல்லி வைக்கிறோம்.

2020, 2021, 2022, 2024. ஐந்து தொடரில் நாலு கோப்பை. முதல் வருடம் 'ஸ்டாலியன்ஸ்', பிறகு 'கிங்ஸ்'. பெயர் மாறினாலும் முன்னுக்கு 'ஜஃப்னா' இருந்தது, எங்களுக்கு அது போதும். சோனகத் தெருவிலும் பார்த்தோம், கொக்குவிலிலும் பார்த்தார்கள், வல்வெட்டித்துறையிலும் பார்த்தார்கள். 2024 ஜூலை 21இல் பிரேமதாச மைதானத்தில் இறுதிப் போட்டி. காலி அணி 184 அடித்தது. ரைலி ரூசோ 106, குசல் மெண்டிஸ் 72, இருவரும் ஆட்டமிழக்காமல் அடித்து 9 விக்கெட்டால் முடித்துவிட்டார்கள். பார்க்கப் பார்க்க ஆசையாக இருந்தது.

ரூசோ தென்னாபிரிக்காக்காரர். மெண்டிஸ் மொறட்டுவைக்காரர். இரண்டு பேருக்கும் மனதார நன்றி. எங்கள் ஊரின் பெயரைச் சட்டையில் போட்டுக்கொண்டு உயிரைக் கொடுத்து ஆடியவர்களைப் பிறத்தியார் என்று சொல்ல எங்களுக்கு வாய் வராது. ஆனால் ஒரு கேள்வி இருக்கிறது. நாலு கோப்பை எடுத்த அணி யாழ்ப்பாண மண்ணில் ஒரு போட்டிகூட ஆடியதில்லை. அம்பாந்தோட்டை, கொழும்பு, கண்டி, தம்புள்ளை, எல்லாம் தெற்கே. மைதானம் இல்லை, சரி, அதற்கு ஒரு காரணம் சொல்லலாம். பதினொரு பேரில் எங்கள் பெடியங்கள் எத்தனை பேர் என்று எண்ணினால் ஒரு கை விரல் முழுக்கத் தேவைப்படாது. அதற்கு என்ன காரணம் சொல்வது?

2020ஐக் கொஞ்சம் ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். முதல் தொடருக்கான அணியில் வடக்கின் நாலு பெயர்கள் இருந்தன. விஜயகாந்த் வியாஸ்காந்த், தெய்வேந்திரம் டினோஷன், கனகரத்தினம் கபில்ராஜ், செபஸ்தியாம்பிள்ளை விஜயராஜ். டிசெம்பர் 4ஆம் திகதி கொழும்பு அணிக்கு எதிராக வியாஸ்காந்தை இறக்கினார்கள். யாழ் மத்திய கல்லூரிப் பிள்ளை. மறுநாள்தான் 19 வயது. லெக் ஸ்பின். அன்று அவர் எடுத்த விக்கெட் யாருடையது? அஞ்சலோ மெத்தியூஸ். இலங்கை அணியின் தலைவராக இருந்தவர்.

அந்த ஒரு விக்கெட் என்ன செய்தது என்று பாடசாலையில் நிற்கிறவர்களைக் கேளுங்கள். அடுத்த கிழமை ஒழுங்கையில் மென்பந்து போடுகிற சின்னப் பிள்ளைகூட மணிக்கட்டைத் திருப்பத் தொடங்கிவிட்டது! அதுவரைக்கும் எல்லாரும் வேகப்பந்துதான். முத்தையா முரளிதரனைக் கும்பிடாத தமிழ்பேசும் பிள்ளை இல்லை, ஆனால் அவர் கண்டிக்காரர். மத்திய கல்லூரி மைதானமோ இங்கிருந்து சைக்கிளில் போகிற தூரம். பிள்ளைகளுக்கு அந்த வித்தியாசம் உடனே விளங்கியது.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். 2023இல் ஆசிய விளையாட்டுப் போட்டிக்கு இலங்கை அணியோடு சீனா போனார். 2024இல் வனிந்து ஹசரங்க காயப்பட, சன்ரைசர்ஸ் ஹைதராபாத் அவருக்குப் பதிலாக வியாஸ்காந்தை எடுத்தது. மே 8ஆம் திகதி ஐ.பி.எல்லில் முதல் ஆட்டம், லக்னோவுக்கு எதிராக. 4 ஓவர், 27 ஓட்டம், விக்கெட் இல்லை. அந்தத் தொடரில் ஓட்டங்கள் எப்படிக் கொட்டின என்று பார்த்தவர்களுக்கு அந்த 27இன் பெறுமதி தெரியும். ஆனால் அன்றிரவே எங்கள் ஆட்கள் சிலர் "விக்கெட் எடுக்கேல்லையே" என்று எழுதியிருந்தார்கள்.

இந்த அவசரம்தான் எங்களுக்குக் கவலை.

மாவன் அத்தபத்துவை எல்லாருக்கும் தெரியும். 1990இல் முதல் டெஸ்ட், இரண்டு இன்னிங்ஸிலும் பூச்சியம். 1992இல் திரும்ப எடுத்தார்கள், பூச்சியமும் ஒன்றும். 1994இல் திரும்ப, இரண்டு பூச்சியம். நாலு வருடத்தில் ஆறு இன்னிங்ஸ், மொத்தம் ஒரு ஓட்டம். இன்றைக்கு என்றால் அந்தப் பிள்ளையை வைத்து எத்தனை மீம்ஸ் போட்டிருப்போம்? அந்த மனிதர் பிறகு டெஸ்டில் 16 சதம் அடித்தார், அதில் 6 இரட்டைச் சதம். முரளியின் முதல் டெஸ்டும் அப்படித்தான், இரண்டு இன்னிங்ஸையும் சேர்த்து 141 ஓட்டம் கொடுத்து 3 விக்கெட். மீதி 797 விக்கெட்டும் பொறுத்திருந்தவர்களுக்குக் கிடைத்தது. 1995இல் மெல்பேர்னில் நடுவர் திரும்பத் திரும்ப 'நோ போல்' கொடுத்தபோது அர்ஜுன ரணதுங்க அவரைக் கைவிட்டிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

கிரிக்கெட்டுக்கு உறவுமுறையான பேஸ்போலில் இதை ஒரு திட்டமாகவே செய்கிறார்கள். அமெரிக்காவில் ஹூஸ்டன் அஸ்ட்ரோஸ் என்ற அணி பழைய ஆட்களை விட்டுவிட்டு இளம் பிள்ளைகளை வைத்துத் தொடங்கியது. 2011இல் 106 தோல்வி, 2012இல் 107, 2013இல் 111. மூன்று வருடம் ஊரே சிரித்தது. அந்தத் தோல்விக்குள் நின்று ஆடிய ஒருவர் ஹொசே அல்டுவே, ஐந்தரை அடி உயரம். வெனிசுவேலாவில் தெரிவுக்குப் போனபோது கட்டை என்று திருப்பி அனுப்பினார்கள், மறுநாள் திரும்பவும் போய் நின்றார். 2017இல் அந்த அணி சம்பியன். (எதிரணியின் சைகையைக் களவாகப் பார்த்தார்கள் என்று பிறகு பிடிபட்டார்கள். அதைப் பின்பற்றச் சொல்லவில்லை.) பிள்ளைகள் தோற்கிற காலத்தில் அவர்களைக் களத்தில் வைத்திருந்ததை மட்டும்தான் கவனிக்கச் சொல்கிறோம்.

தூரத்துக்கே போகத் தேவையில்லை. எங்கள் நாட்டின் நவீத் நவாஸ், இலங்கைக்காக ஒரேயொரு டெஸ்ட் ஆடியவர். 2018இல் பங்களாதேஷின் 19 வயதுக்குட்பட்ட அணியைப் பொறுப்பெடுத்தார். ஒரே பிள்ளைகளை ஏறக்குறைய இரண்டு வருடம் சேர்த்து வைத்து, ஊர் ஊராகக் கொண்டுபோய் ஆட வைத்தார். 2020 உலகக் கிண்ண இறுதியில் இந்தியாவை வென்றார்கள். பங்களாதேஷுக்கு அதுதான் முதல் உலகக் கிண்ணம். எங்கள் வடக்குப் பிள்ளைகளுக்கு இல்லாதது அந்தத் தொடர்ச்சிதான்.

பாடசாலை மட்டத்தில் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. மத்திய கல்லூரிக்கும் சென் ஜோன்ஸுக்கும் இடையிலான வடக்கின் பெருஞ்சமர் 1904இல் தொடங்கியது. மார்ச் மாதம் வந்தால் லண்டனிலும் ரொறன்ரோவிலும் இருந்து ஆட்கள் வந்து இறங்குகிறார்கள். சென் பற்றிக்ஸ், யாழ்ப்பாணக் கல்லூரிப் போட்டிக்கும் அதே ஆரவாரம். பப்பரே அடிக்கிறோம், கொடி பிடிக்கிறோம், சதம் அடித்த பிள்ளையைத் தோளில் தூக்குகிறோம். ஏப்ரலில் அந்தப் பிள்ளை எங்கே போகிறது?

உயர்தரப் பரீட்சை. ரியூசன். வாப்பா சொல்கிறார், "விளையாடினது காணும் மகன்." வாப்பாவையும் குறை சொல்ல முடியாது. கடினப்பந்து மட்டை ஒன்றின் விலை அவருக்குத் தெரியும். பிள்ளை மேலே போக வேண்டுமென்றால் கொழும்புக் கழகம் ஒன்றில் சேர வேண்டும். 400 கிலோமீற்றர். தங்க அறை, சாப்பாடு, தெரியாத மொழி. மெட்டிங்கில் பந்து எழும்புகிற விதத்துக்குப் பழகிய பிள்ளை புற்தரை ஆடுகளத்தில் முதல் மாதம் தடுமாறும். அந்த ஒரு மாதம் யார் காசு கட்டுவது? பத்தொன்பது வயதில் எங்கள் பிள்ளைகள் விளையாட்டை விடுவதற்குத் திறமைக் குறைவு காரணமில்லை, இதுதான் காரணம். பிறகு மென்பந்துச் சுற்றுப்போட்டி, அதற்குப் பிறகு கனடா.

இப்போது குகதாஸ் மதுலன் வந்திருக்கிறார். சென் ஜோன்ஸ். கையைப் பக்கவாட்டில் சுழற்றி எறிகிற யோர்க்கர். இலங்கையின் 19 வயதுக்குட்பட்ட அணி வரைக்கும் போனார், அவருடைய வீடியோ இந்தியா முழுக்கச் சுற்றியது. உடனே மாலிங்கவின் பெயரைத் தூக்கி அந்தப் பிள்ளையின் தலையில் வைத்துவிட்டோம். லசித் மாலிங்கவை மாலிங்கவாக்கியது பெயரில்லை. ரத்கமவிலிருந்து வந்த அந்தப் பெடியனைக் கண்டெடுத்த சம்பக்க ராமநாயக்க, "கையை நேராக்கு" என்று கெடுக்காமல் விட்டார், பக்கத்தில் நின்றார். மதுலனுக்குத் தேவையும் அப்படி ஒருவர்தான். தீசன் விதுஷன் போன்றவர்களுக்கும் அப்படித்தான். அடுத்த முரளி, அடுத்த மாலிங்க என்று நாங்கள் போடுகிற பட்டம் இரண்டு மோசமான ஓவருக்குள் கல்லாகத் திரும்புகிறது.

எங்கள் முஸ்லிம் பக்கத்தைப் பற்றியும் ஒரு சொல். ஜின்னா மைதானத்தில் அஸர் தொழுதுவிட்டு வந்து மஃரிப் பாங்கு வரை ஆடுகிற பிள்ளைகளில் பலருக்கு இரண்டு ஊர். பாதிக் குடும்பம் இங்கே, பாதி புத்தளத்தில். ஒரு நல்ல பந்துவீச்சாளன் உருவாகிற நேரம் பார்த்து வீட்டார் புத்தளத்துக்கு மாறிவிடுவார்கள், அணி திரும்பவும் முதலிலிருந்து. 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி எங்கள் சனத்தைக் கூடச் சொன்னது இதே மைதானத்தில்தான். வெளியேற இரண்டு மணித்தியாலம் தந்தார்கள். அந்த இடத்தில் இன்றைக்கு எங்கள் பேரப்பிள்ளை வயதுக்காரர் ஸ்டம்ப் ஊன்றுகிறார்கள், அல்ஹம்துலில்லாஹ். வியாஸ்காந்த் மெத்தியூஸை எடுத்த அன்று அந்தப் பிள்ளைகளும்தான் துள்ளினார்கள். அவன் எந்தப் பள்ளி, எந்தச் சமயம் என்று ஒருத்தனும் கேட்கவில்லை. பெரியவர்கள்தான் பிறகு கேட்டார்கள்.

மண்டைதீவில் சர்வதேச மைதானத்துக்கு 2025 செப்டெம்பர் 1ஆம் திகதி ஜனாதிபதி அடிக்கல் வைத்தார். சந்தோஷம். சதுப்பு நிலத்தைப் பற்றிச் சூழல் ஆர்வலர்கள் எழுப்பிய கேள்விகளுக்கு ஒழுங்கான பதிலும் வேண்டும், அதை அபிவிருத்திக்கு எதிரி என்று ஒதுக்கக்கூடாது. மைதானம் எப்போது எழும்பினாலும், அதில் ஆடப்போகிற பிள்ளைக்கு இப்போது பன்னிரண்டு, பதின்மூன்று வயது. அவனை இன்றைக்கே பார்க்காவிட்டால் அன்றைக்கும் நாங்கள் பார்வையாளர் பக்கத்தில்தான் இருப்போம்.

எங்கள் கேள்வி பெரிதில்லை. எல்.பி.எல்லில் ஒரு அணிக்கு ஆகக்கூடியது நாலு வெளிநாட்டவர். மீதி ஏழு இடம். அந்த ஏழில் இரண்டு வடக்குக்கு. மேலதிக வீரராகக் குளிர்பானம் தூக்க இல்லை, ஆடுகிற பதினொருவரில், முதல் போட்டி தொடக்கம். அடி வாங்கினால் அடுத்த போட்டியிலும் அதே பிள்ளை. இதனால் ஒரு கோப்பை தவறினால் தவறட்டும், நாலு இருக்கிறது! தொடர் முடிந்ததும் அந்த இரண்டு பேரையும் ஒரு வருடத்துக்குக் கொழும்பில் தங்க வைத்துக் கழகத்தில் ஆட விடுகிற செலவை அணி ஒன்று, பழைய மாணவர்கள் ஒன்று என்று பிரித்துக்கொள்ளலாம். பெருஞ்சமருக்கு வெடி கொளுத்துகிற காசில் ஒரு பங்கு போதும்.

அணியின் உரிமையாளர்களுக்கும் கிரிக்கெட் சபைக்கும் கடிதம் எழுதுவோம். பள்ளிவாசல், கோயில், தேவாலயம், விளையாட்டுக் கழகம், பழைய மாணவர் சங்கம், எல்லாக் கடிதத் தலைப்பிலும் போகட்டும். தொடர் அறிவித்த கையோடு போக வேண்டும், வீரர் தெரிவு முடிந்த பிறகு போய்ப் பிரயோசனமில்லை. தமிழில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று, சிங்களத்தில் ஒன்று எழுதித்தர எங்கள் ஆசிரியர்களுக்குள் ஆட்கள் இருக்கிறார்கள். கையெழுத்து வைக்க விருப்பமானவர்கள் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு பாடசாலை வாசலுக்கு வாருங்கள், மற்ற ஊர்க்காரர் அன்று பின்னேரம் வந்தாலும் சரி. பேனை நாங்கள் கொண்டு வருகிறோம்.