தொட்டியில் போடும் தூளுக்குத் தேதி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

குளோரின் ஆலை ஒன்றில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். அதில் பாதிக் காலம் பிளீச்சிங் பவுடர் பிரிவில். இப்போது கிளியனூரில் இருக்கிறேன். சென்ற மாதம் மகளைக் கட்டிக்கொடுத்த ஊருக்குப் போயிருந்தபோது, குடிநீர்த் தொட்டிக்கு அடியிலுள்ள மோட்டார் அறையில் ஒரு பிளீச்சிங் பவுடர் மூட்டையைப் பார்த்தேன். அதனால்தான் இந்தக் கடிதம்.

மூட்டையின் வாய் கட்டப்படவில்லை. உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் பை கிழிந்து, தூள் ஈரம் கோத்துக் கட்டி கட்டியாகக் கிடந்தது. ஒரு கட்டியை உடைத்து முகர்ந்து பார்த்தேன். நல்ல பவுடர் என்றால் மூக்கில் ஏறும், கண் எரியும். இதில் சுண்ணாம்பு வாடைதான் வந்தது. தயாரித்த தேதி அச்சிட்ட இடம் தேய்ந்து போயிருந்தது. எத்தனை மாதமாக இருக்கிறது என்று தொட்டி ஆபரேட்டரைக் கேட்டேன். "போன மழைக்கு முன்ன வந்துச்சு சார். இது தீந்தாதான் அடுத்தது" என்றார். அந்தத் தண்ணீரைத்தான் என் பேரப்பிள்ளைகள் குடிக்கிறார்கள்.

இந்தத் தூள் எப்படி உண்டாகிறது என்று தெரிந்தால், அந்த மூட்டையைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது ஏன் என்பது விளங்கும். உப்பைக் கரைத்து அந்தக் கரைசலில் மின்சாரம் பாய்ச்சினால் காஸ்டிக் சோடாவும் குளோரினும் ஹைட்ரஜனும் பிரியும். அந்தக் குளோரினை நீற்றிய சுண்ணாம்பின் மேல் செலுத்தினால் பிளீச்சிங் பவுடர். 1799இல் கிளாஸ்கோவில் சார்லஸ் டெனன்ட் இதற்குக் காப்புரிமை வாங்கியது துணி வெளுக்கத்தான். 1908இல் அமெரிக்காவின் ஜெர்சி நகரம் ஊருக்குப் போகும் குடிநீர் முழுவதிலும் இதை நாள்தோறும் கலக்கத் தொடங்கிய பிறகுதான் உலகம் முழுக்க இது குடிநீர் மருந்தானது. நம் ஊர்ப் பெரியவர்கள் பானையில் தேத்தாங்கொட்டை உரைத்துத் தண்ணீரைத் தெளிய வைத்தார்கள். தெளிந்த தண்ணீரிலும் காலராக் கிருமி இருக்கும். அதைக் கொல்வது குளோரின்.

இந்தத் தொழிலுக்கு உப்புக்கு அடுத்தபடி வேண்டியது மின்சாரம். 1934இல் மேட்டூர் அணை கட்டி முடிந்ததும், அங்கே கிடைக்கப்போகும் மின்சாரத்தை நம்பி சேஷசாயி சகோதரர்கள் மேட்டூர் கெமிக்கல்ஸைத் தொடங்கினார்கள். நமக்குப் பக்கத்தில் காலாப்பட்டில் 1985இல் உற்பத்தி தொடங்கிய கெம்ஃபேப் ஆல்கலீஸ், பாதரசம் தேவைப்படாத மெம்பரேன் செல் முறையை இந்தியாவில் முதன்முதலில் கொண்டுவந்த ஆலை. அதற்கு முன் பல ஆலைகள் பாதரசத்தை வைத்துத்தான் உப்புக் கரைசலைப் பிரித்தன. குளோரின் விளையாட்டுப் பொருள் அல்ல. வால்வு திறக்கும்போதெல்லாம் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்த்து நின்ற ஆள் நான். அத்தனை ஆபத்தைத் தாங்கிச் செய்த தூள், கடைசியில் ஒரு மோட்டார் அறையில் மக்கிச் சுண்ணாம்பாகிறது.

புதிய பவுடரில் சுமார் 33 சதவீதம் பயன்படும் குளோரின் இருக்கும். ஈரமும் வெயிலும் பட்டால் அது பறந்துவிடும், எடை மட்டும் மிஞ்சும். 1,000 லிட்டர் தெளிந்த நீருக்கு இரண்டரை கிராம் நல்ல பவுடர் என்பது பொதுச் சுகாதாரப் பாடநூல்களில் உள்ள கணக்கு. 30,000 லிட்டர் தொட்டிக்கு 75 கிராம் வரும். 25 கிலோ மூட்டை ஒன்றில் 333 முறை போடலாம். தொட்டி நாளுக்கு ஒரு முறை நிரம்பும் சிற்றூருக்கு ஒரு மூட்டை ஏறக்குறைய பதினொரு மாதம் வருகிறது! வாய் திறந்த பவுடர் அத்தனை மாதம் வீரியத்தோடு இருக்காது. பத்து சதவீதத்துக்கு இறங்கிவிட்டால், அதே 75 கிராம் லிட்டருக்குக் கால் மில்லிகிராம் குளோரின்தான் தரும். தொட்டிப் பாசியும் குழாய்ச் சேறும் அதைத் தின்றுவிடும். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிஞ்சியிருக்க வேண்டும் என்கிறது. கடைசி வீட்டுக் குழாயில் ஒன்றும் மிஞ்சாது. ஆக, அந்த ஆபரேட்டர் தினமும் ஒழுங்காக ஏறி அளந்து போட்டாலும் பயன் இல்லை. தவறு கொள்முதலிலேயே இருக்கிறது.

ஆபரேட்டரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சொற்பச் சம்பளத்துக்கு அந்த ஏணியில் ஏறுகிறார். எவ்வளவு போடுவது என்று யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை, கைப்பிடிக் கணக்குத்தான். கொஞ்சம் கூடினால், "மருந்து வாடை அடிக்குது, சோறு பொங்க முடியல" என்று தெருவே சண்டைக்கு வருகிறதாம். அதனால் சில நாள் போடாமலே விட்டுவிடுகிறேன் என்று ஒளிக்காமல் சொன்னார். அந்த இலேசான வாடைதான் தண்ணீர் காபந்தாக இருப்பதற்கு அடையாளம் என்று மக்களுக்கு யார் சொன்னார்கள்?

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது மயிலத்தில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டியது. வெள்ளம் வடிந்ததும் தெருவோரமெல்லாம் இந்தப் பவுடரை வெள்ளையாகத் தூவிக்கொண்டு போனார்கள். சாக்கடையில் தூவுவது கண்ணுக்குத் தெரிகிறது. தொட்டிக்குள் என்ன விழுகிறது என்பது தெரிவதில்லை. அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு முன்பாவது இது திருந்த வேண்டும்.

நான் கேட்பது புதுத் திட்டம் அல்ல. மாவட்ட நிர்வாகம் சிற்றூர்களுக்கு 25 கிலோ மூட்டை அனுப்புவதை நிறுத்தி, ஒரு மாதத்துக்கு ஆகும் அளவில் காற்றுப்புகாத சிறு பொட்டலங்களாகத் தரட்டும். தொட்டி கழுவிய தேதியைத் தூணில் பெயின்டால் எழுதுகிறார்களே, அதன் கீழே பவுடர் தயாரித்த தேதியையும் கடைசி வீட்டுக் குழாயில் அன்று அளந்த குளோரின் அளவையும் எழுதட்டும். அளக்கக் கருவி இல்லை என்று சொல்ல முடியாது. ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு ஐந்து பெண்களுக்குத் தண்ணீர்ச் சோதனைப் பயிற்சி கொடுத்துப் பெட்டியும் தர வேண்டும் என்று இருக்கிறது. மகளின் ஊரில் அந்தப் பெட்டி எங்கே என்று கேட்டேன். அலுவலக பீரோவுக்குள் இருக்கிறதாம், சாவி வைத்திருப்பவர் வரவில்லையாம். முதலில் அந்த பீரோவைத் திறக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆலைத் தொழிலாளி,
கிளியனூர், விழுப்புரம் மாவட்டம்.